பட்டுச் சட்டையில் ஒரு விரல் மஞ்சள்

அன்று அருங்காட்சியகத்தின் அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தையற்கூடத்தின் முதலாளி. அவருக்குப் பெயர் உண்டு. நான் மதாம் என்றே கூப்பிடுவேன். அறுபது தாண்டியவர். மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவர்.

அருங்காட்சியகத்தில் பழைய உடுப்புகளுக்குப் பொறுப்பாக இருக்கிற பெண். வயது குறைவு. கையில் நீலக் கையுறை. சிரிக்கவில்லை.

ஒரு வாத்தியக்காரர். பழங்காலத்து நரம்பு வாத்தியம் ஒன்று வாசிப்பவர். மடியில் வைத்து விரலால் மீட்டுகிற வாத்தியம். ஆள் மெலிந்தவர், தோள் ஒடுங்கியவர். அதற்காகவே அவரைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

நான்.

மேசையில் சட்டை.

சட்டையையும் ஓர் ஆளாகத்தான் எண்ணினேன். அதை மூடியிருந்த மெல்லிய கடதாசியை அந்தப் பெண் விலக்கியபோது எல்லோரும் குரலைத் தாழ்த்தினோம். பக்கத்தில் ஒருவர் நித்திரை கொள்வது போல இருந்தது.

நானூறு வருடத்துக்கு மேல் பழைய சட்டை. இத்தாலியில் யாரோ ஓர் ஆண் போட்டது. யார் என்று தெரியாது. யார் தைத்தது என்றும் தெரியாது. தந்தத்தின் நிறத்தில் பட்டு. கழுத்து உயரம். இடுப்பு இறுக்கம். முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே கூராக இறங்கும். நெஞ்சு முழுக்க மிளகு அளவில் பொத்தான்கள். துணியில் அழகுக்காகச் சின்னச் சின்ன வெட்டுகள், வரிசை வரிசையாக. உள்ளே சணல் துணி. பட்டுக்கும் சணலுக்கும் நடுவில் பஞ்சு. பிரெஞ்சில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. மதாம் அந்தப் பெயரைச் சொல்லுவார். நான் சட்டை என்றே சொல்லுவேன்.

அந்தச் சட்டையை இனி எவரும் போட முடியாது. தூக்கினாலே பட்டு உதிரும். அதனால் அதே மாதிரி இன்னொன்று தைக்க வேண்டும். அதை வாத்தியக்காரர் போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்தில் வாசிப்பார். துணி ஆளோடு சேர்ந்து எப்படி அசைகிறது என்று சனம் பார்க்கும். வேலை அதுதான்.

என்னுடைய நிலைமையையும் சொல்ல வேண்டும். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு, வருடக்கணக்காக இங்கே ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கொலர் தைத்தேன். கொலர் மட்டும். கை வைப்பது வேறொருத்தி, பொத்தான் வைப்பது வேறொருத்தி. தொழிற்சாலை மூடிய பிறகு பெட்டி கட்டினேன், கட்டடம் துடைத்தேன். பிறகு மதாம் என்னை எடுத்தார். கையால் தைத்துக் காட்டச் சொன்னார். ஒரு துண்டில் தைத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோசமில்லை என்றார்.

எடுத்த அன்றே உள்ளதை உள்ளபடி சொன்னார். இந்தச் சட்டையை அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டால் அதற்குரிய காற்சட்டையும் மேலங்கியும் தையற்கூடத்துக்கு வரும். வந்தால் என்னை நிரந்தரமாக வைத்திருப்பார். ஏற்காவிட்டால் வைத்திருக்க வழியில்லை. மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. வீட்டில் என் கணவரின் சம்பளம் ஒன்றுதான். அவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் காய்கறி வெட்டுகிறார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு மேல் எனக்கு அப்போது யோசனை இல்லை.

பழைய சட்டையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. மதாமுக்கும் இல்லை. அந்தப் பெண் மட்டும் தொடுவார். நாங்கள் நூலைச் சட்டைக்கு மேலாகப் பிடித்து அளந்தோம். நூலில் முடிச்சுப் போட்டு, பிறகு முடிச்சை அளவு நாடாவில் வைத்துப் பார்த்தோம். அந்தப் பெண் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மெல்லத் திறந்து உள்ளே காட்டினார். அக்குளுக்குக் கீழே துணி போதாமல் துண்டு வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. வெளியில் தெரியாது. இடது தோள் வலது தோளை விடக் கொஞ்சம் கீழே இருந்தது. போட்டவரின் உடம்பு அப்படி. அக்குளில் வியர்வைக் கறை. முன்னால் ஏதோ சிந்திய கறை. அவ்வளவு பணக்காரனும் சாப்பிடும்போது சிந்தியிருக்கிறான்.

தையற்கூடம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். பட்டைக் கைத்தறியில் நெய்யக் கொடுத்திருந்தார்கள். நெய்து வர மாதங்கள் ஆயின. அளந்து நெய்தது. வெட்டிய பிறகு மிஞ்சியது கைக்குட்டை அளவுத் துண்டுகள்.

மதாம் வெட்டினார். நான் தைத்தேன். முதலில் பஞ்சை வைத்துக் கட்டுத் தையல். பிறகு தோள், பிறகு கை. மதாம் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. கோபிக்க மாட்டார். பிழைத்தால் அவிழ்க்கச் சொல்லுவார். நான் அவிழ்ப்பேன்.

பொத்தான் துளைகளில் பிழைத்தேன். தொழிற்சாலைக் கை. எல்லாம் ஒரே இடைவெளியில் குறித்திருந்தேன். நேராக, ஒழுங்காக, அழகாக இருந்தது. மதாம் பார்த்துவிட்டுப் பழைய சட்டையின் படத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஒன்று நெருங்கியிருக்கும், ஒன்று விலகியிருக்கும். நெஞ்சில் ஒரு மாதிரி, வயிற்றில் ஒரு மாதிரி. அந்தத் தையற்காரன் அளவுகோல் வைக்கவில்லை, கண்ணால் வைத்திருக்கிறான்.

“உன் கையை மற. அவன் கை எங்கே போனதோ அங்கே போ” என்றார் மதாம்.

குறியை அழித்துவிட்டுத் திரும்பக் குறித்தேன். ஒழுங்கில்லாமல் வைப்பது ஒழுங்காக வைப்பதை விடக் கஷ்டம். சில நாட்கள் போன பிறகு அந்தத் தையற்காரனின் கை எனக்குப் பிடிபட்டது. களைத்த நேரத்தில் அவனுடைய தையல் நீளமாகும். புது நூல் கோத்ததும் திரும்பவும் குறுகும். எனக்கும் அப்படித்தான் வரும். முகம் தெரியாத ஆள். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருப்பவன் போல ஆகிவிட்டான்.

வீட்டில் என் கணவருக்கு இந்தச் சட்டை ஒரு பகிடி. அதைப் போட்டிருந்த ஆளுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்.

“இஞ்சாரும், உம்மடை மாப்பிள்ளை எப்பிடி இருக்கிறார்?”

“இண்டைக்குக் கை வைச்சாச்சு.”

“உம்மிலை கை வைக்காத வரைக்கும் சரி.”

 சிரிப்பு வரும், காட்டமாட்டேன். காட்டினால் இன்னும் கதைப்பார்.

மாசி மாதக் கடைசியில் கட்டடத்தின் சூடாக்கி பழுதாய்ப் போனது. விரல் விறைத்தால் ஊசி பிடிக்க முடியாது. சட்டையில் பொத்தான் துளைகள் பாதி மீதம். அடுத்த வெள்ளிக்கிழமை வாத்தியக்காரர் வந்து போட்டுப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகப் பெண்ணும் வருவார். அன்றுதான் ஏற்பதா இல்லையா என்று முடிவு. மதாம் யோசித்துவிட்டு, சனி ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து முடி என்றார். தானே வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் சமையல் இல்லை. தாளித்தால் பட்டு மணத்தைப் பிடிக்கும் என்று அடுப்பை மூட்ட விடவில்லை. கணவர் தெருமுனைத் தெப்பனர் கடையில் பாணும் சீஸும் வாங்கி வந்தார். முணுமுணுத்தார், சாப்பிட்டார். நான் கட்டிலில் தோய்த்த வெள்ளை விரிப்பைப் போட்டு, கையை அடிக்கடி கழுவி, யன்னல் பக்கம் இருந்து தைத்தேன். ஞாயிறு பின்னேரம் கடைசித் துளையும் முடிந்தது. சட்டையை விரித்து வைத்தேன். கணவர் வந்து பார்த்தார்.  கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தேன். சட்டை, இரவு நான் சுற்றி வைத்தபடியே பெட்டியில் இருந்தது. கொண்டுபோனேன்.

தையற்கூடத்தில் சூடாக்கி வேலை செய்தது. மேசையில் வைத்துத் துணியை விரித்தேன். முன்பக்கத்தில் கூராக இறங்குகிற இடத்தில், இடது நுனியில், மஞ்சள். ஒரு விரல் நுனி அளவு. விரல் ரேகை கூடத் தெரிந்தது. காய்ந்துவிட்டது.

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் புது உடுப்பின் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எவரும் போடுவதில்லை. தீபாவளிக்கு மட்டுமில்லை. பிள்ளைகள் எங்களோடு இருந்த காலத்தில் அவர்களுடைய பள்ளிக்கூட உடுப்பு, என்னுடைய குளிர்ச்சட்டை, அவருடைய சமையலறை ஏப்ரன், எல்லாவற்றுக்கும் அவர்தான் வைப்பார். அது அவருடைய வேலை. அதை எவரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது.

மறைக்கலாமா என்று யோசித்தேனா என்றால், இல்லை. மறைக்க இடமில்லை. முன் நுனி. மதாமைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த ஊர்க்காரர் கோபம் வந்தால் மாதா கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். மதாம் ஒரு சாமானைச் சொன்னார். ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்டார். நல்லதுக்கு என்றேன். அதற்கு மேல் பிரெஞ்சில் எனக்கு வரவில்லை.

முன்பக்கத்தை மாற்ற முடியாது. அந்த அளவுக்குத் துணி இல்லை. நெய்ய மாதங்கள் போகும். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்.

மதாம் என்னைக் கடைக்கு அனுப்பி மஞ்சள் தூள் வாங்கி வரச் சொன்னார். மிஞ்சிய பட்டுத் துண்டுகளில் அதே மாதிரி விரலால் வைத்துக் காயவிட்டோம். ஒன்றில் தண்ணீர் பூசினார். பரவியது. ஒன்றில் சவர்க்காரம் பூசினார். மஞ்சள் நிறம் போய்க் குங்குமம் மாதிரிச் சிவந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரே சட்டையில் பூசாமல் விட்டது நல்லது என்று மதாம் சொன்னார். அந்த நேரத்திலும் நல்லது என்ற சொல் அவருக்கு வந்தது.

கணவருக்குப் போன் செய்து ஒரு வசனம்தான் சொன்னேன். வேலை முடிந்ததும் நேரே வந்துவிட்டார். சமையலறை உடுப்பு, மேலே குளிர்ச்சட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மதாமைப் பார்த்துத் தெரிந்த பிரெஞ்சில் பிழை என்னுடையது, அவளுடையது இல்லை என்றார். அதை மெற்றோவில் வரும்போது பாடமாக்கியிருக்க வேண்டும்.

நான் தமிழில் கேட்டேன்.

“ஏன் இதைச் செய்தனீங்கள்?”

“புதுச் சட்டையெல்லோ. மஞ்சள் வைக்காமல் ஆரும் போடுறதோ?”

“அவர் போடுறவர் தமிழனே?”

“வெள்ளைக்காரனுக்கு உடம்பு இல்லையே?”

 அவர் சப்பாத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“நீர் கண்ணைக் குடுத்துத் தைச்சது. போடுறவனும் நல்லாயிருக்கோணும், தைச்ச நீரும் நல்லாயிருக்கோணும் எண்டுதான் வைச்சனான். வேறை என்னத்துக்கு?”

மதாம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். தைத்த நானும் நல்லாயிருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டுத்தான் முதலில் சொன்னேன். பிறகு அதையும் சொன்னேன். மதாம் அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை.

சிவந்த துண்டைப் பார்த்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

“சவுக்காரம் போட்டால் சிவக்கும்தானே. வெயிலிலை போடும். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது.”

எனக்கும் தெரிந்த விஷயம்தான். வெள்ளைத் துணியில் மஞ்சள் பட்டால் ஊரில் எவரும் வெயிலில்தான் போடுவார்கள். பயத்தில் அது எனக்கு வரவில்லை. அதோடு, இந்த ஊரில் மாசி மாதத்தில் வெயிலை யார் நினைப்பார்கள்.

“எங்கை வெயில்? யன்னலைப் பாருங்கோ” என்றேன்.

வெளியே பனி கொட்டியது. எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

“வரும்.”

“எப்ப?”

“அதை என்னட்டையே கேக்கிறீர்?”

மதாமுக்கு விஷயத்தைச் சொன்னேன். நம்பினாரோ தெரியாது. மஞ்சள் வைத்த ஒரு துண்டை எடுத்து யன்னல் கண்ணாடியில் ஒட்டினார். பனிக்குள் அது ஒட்டியபடி இருந்தது.

செவ்வாய் வானம் மூடி மப்பு. புதன் மப்பு. மதாம் ஒரு நாளில் பல தடவை யன்னலுக்குப் போய் வந்தார். நான் போகவில்லை. சட்டையையும் காற்சட்டையையும் இணைக்கிற கயிறுகளுக்கு நுனி கட்டிக்கொண்டிருந்தேன். வேலை போனால் எங்கே கேட்பது என்று யோசித்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஆள் எடுப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபடி கயிறு கட்டினேன்.

கணவர் அந்த நாட்களில் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் எழும்பி முதல் வேலையாக வானத்தைப் பார்த்தார். மப்பாக இருந்தால் தன்னுடைய தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போவார்.

வியாழன் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண் கூசியது. வானம் நீலம். கீழே முழுக்கப் பனி, வெயில் அதில் பட்டு மேலேயும் கீழேயும் இருந்து அடித்தது. குளிரோ எலும்பைத் தொட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். மதாம் எனக்கு முதலே வந்துவிட்டார். யன்னலில் ஒட்டிய துண்டைக் காட்டினார். மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் வெளிறியிருந்தது.

முழுச் சட்டைக்கும் வெயில் படக்கூடாது, பட்டு பழுத்துவிடும். மதாம் கறுப்புத் துணி ஒன்றில் நாணய அளவு ஓட்டை வெட்டினார். சட்டையை அதால் மூடி, ஓட்டை மஞ்சளுக்கு நேரே வரும்படி ஊசி குத்தினோம். வெட்டு மேசையை யன்னலோடு தள்ளினோம். வெயில் நகர நகர மேசையையும் நகர்த்தினோம். மத்தியானம் அயன் மேசைப் பக்கம். அதற்குப் பிறகு எங்கள் அறைக்குள் வெயில் இல்லை. கட்டடத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில் மட்டும் ஒரு பெரிய யன்னல், அங்கே அடித்தது.

அங்கே ஆட்கள் ஏறி இறங்குவார்கள். சூடும் இல்லை. மதாம் என்னை உள்ளே போய்க் கயிற்றை முடி என்றார். தான் குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டு, படிக்கட்டில் ஒரு கதிரையை வைத்து, சட்டைக்குக் காவலாக இருந்தார். தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட்டார். ஏறி வந்தவர்களை அந்தப் பக்கத்தால் போகச் சொன்னார். ஒருவர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, வெயில் காய்கிறேன் என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

முதலாளி ஒருவர், நானும் என் வீட்டுக்காரரும் செய்த காரியத்துக்காகப் படிக்கட்டில் குளிருக்குள் இருந்தார். என்னுடைய சீவியத்தில் வேறெந்த முதலாளியும் எனக்காகக் கதிரையை விட்டு எழும்பியதுகூட இல்லை. அதை அன்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னேரம் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். குடித்தார்.

வெயில் இறங்கியபோது கறை தேத்தண்ணீர் சிந்திய நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் தெரிந்தது.

வெள்ளியும் வெயில். வாத்தியக்காரர் சொன்ன நேரத்துக்கு முதலே வந்துவிட்டார். இறுக்கமாக இருக்கும் என்று பயந்து காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்ததாகச் சொன்னார். மதாம் அவருக்கு நடந்ததைச் சொன்னார். அவர் சிரித்தார். அப்படியென்றால் நானே வெயிலில் இருக்கிறேன் என்றார்.

சட்டையை அவருக்குப் போட்டுவிட்டோம். கழுத்து அவருடைய தாடையைத் தூக்கியது. முதுகு நேரானது. கூனி நிற்க அந்தச் சட்டை விடாது. ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாகக் குழப்பமாக இருந்தது. பழைய சட்டையில் கை இரண்டும் முன்பக்கம் வளைந்து தைக்கப்பட்டிருக்கும். மேசையில் வைத்தால் கோணலாகத் தெரியும். நாங்களும் அப்படியே தைத்திருந்தோம், விளங்காமலே. வாத்தியக்காரர் யன்னல் ஓரம் இருந்து வாத்தியத்தை எடுத்துக் கையை முன்னால் கொண்டுபோனார். கோணல் மறைந்துவிட்டது. துணியில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கை சும்மா தொங்குவதற்குத் தைத்த கை இல்லை. முன்னால் நீட்டி எதையாவது பிடிப்பதற்குத் தைத்தது. மதாம் என்னைப் பார்த்தார். நான் மதாமைப் பார்த்தேன்.

சட்டையின் மற்ற இடங்களில் கறுப்புத் துணியைச் சுற்றினோம். முன் நுனி மட்டும் வெளியே. அவர் அதை வெயிலுக்குக் காட்டியபடி வாசித்தார். மெதுவான வாசிப்பு. நான் தரை கூட்டிக்கொண்டிருந்தேன், பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அருங்காட்சியகப் பெண் உள்ளே வந்தபோது அவர் அப்படி இருந்தார், கறுப்புத் துணியும் வாத்தியமுமாக. அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மதாம் என்னைப் பேசவிடவில்லை. முதல் வசனமே இதுதான்:

“சட்டையை வெளியே கொடுத்துவிட்டது நான். அதில் ஒரு கறை பட்டிருக்கிறது. பொறுப்பு என்னுடையது.”

பிறகுதான் மற்றவற்றைச் சொன்னார். அந்தப் பெண் குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார், இது எதற்கு வைப்பது என்று. அந்த வாரம் முழுக்க அந்தப் பதிலைப் பிரெஞ்சில் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். புது உடுப்புக்கு வைப்பது, போடுகிறவர் நோய் நொடி இல்லாமல் இருக்க என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வாத்தியக்காரரை எழும்பச் சொன்னார். நடக்கச் சொன்னார். குனிய, கையைத் தூக்க, இருக்கச் சொன்னார். பழைய சட்டையின் படங்களைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு பொத்தான் துளையாகப் பார்த்தார். அக்குள் ஒட்டுத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். தோள் சரிவைப் பார்த்தார். வாத்தியத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கைகளைப் பார்த்தார். அதில் நெடுநேரம் நின்றார். நான் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு சொன்னார். நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்தக் கறையை நான் கண்டிருப்பேன், ஆனால் என்னவென்று விளங்கியிருக்காது. பழையதிலும் கறை இருக்கிறது, அதுவும் என்னவென்று எவருக்கும் தெரியாது. இது போடுவதற்கென்று தைத்த உடுப்பு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இனி ஒரு துணியும் இந்தக் கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நீங்கள் மூலச் சட்டையைப் பார்க்க வரும்போது கையை என் முன்னால் கழுவ வேண்டும்.

கடைசியைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். நியாயமான பேச்சு. ஓம் என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

மதாம் அன்று வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த திங்கள் போனபோது காற்சட்டைக்குரிய துணி என் மேசையில் இருந்தது. பக்கத்தில் மதாமின் பெரிய கத்தரிக்கோல். இதை நீ வெட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். மத்தியானம் நிரந்தர வேலைக்குரிய கடதாசியைத் தந்தார். கையெழுத்து வைத்தேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அப்ப மாப்பிள்ளைக்குக் காற்சட்டையும் நீர்தானோ?”

“ஓம்.”

“பயப்பிடாதையும். அதுக்குக் கிட்ட வரமாட்டன்.”

சாப்பிட்டு முடித்துச் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவினார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வசந்தத்தில் அருங்காட்சியகத்தில் வாசிப்பு. மதாம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். பழைய சட்டை மங்கின வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. வாத்தியக்காரர் புதியதைப் போட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். பருத்த அரைக் காற்சட்டை, தோளில் மேலங்கி, எல்லாம் எங்கள் கூடத்தில் தைத்தவை. கணவர் வாசிப்பவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, பழைய சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நல்லா மெலிஞ்ச ஆள். ஆரோ பார்த்துத்தான் தைச்சிருக்கிறான்” என்றார்.

ஓம், ஆரோ பார்த்துத்தான் தைத்திருக்கிறான். அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், எங்கே போய்ச் சொல்வது. மதாமுக்கு ஒரு நாள் சொன்னேன், நேராக, என் பிரெஞ்சில். படிக்கட்டில் இருந்ததற்கு என்று சொன்னேன். அவர் கையை வீசிவிட்டு ஊசியைக் கோத்துத் தா என்றார், அவருக்கு இப்போது கண் தெரிவது குறைவு. கோத்துக் கொடுத்தேன். அருங்காட்சியகப் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் கை கழுவும்போது மெர்சி சொல்கிறேன். அதற்கு அவர் இப்போது சிரிக்கிறார். என் கணவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் பகிடி பண்ணுவார். அவர் அன்று தைச்ச நீரும் என்று சொன்னதை மட்டும் வைத்திருக்கிறேன்.

மதாமின் தையற்கூடத்தில்தான் இன்னும் வேலை செய்கிறேன். இப்போது உடுப்பு வந்தால் மதாம் என்னிடம்தான் முதலில் தருகிறார். அரசன், சேவகன், பாதிரி, படைவீரன் என்று வரும். நாடகத்துக்கு, வாசிப்புக்கு, அருங்காட்சியகத்துக்கு.

அந்தச் சட்டைக்குப் பிறகு இன்று வரை நான் தைத்தவை: முப்பத்தேழு.